உதவுகிறவரும் நோயாளிதான் என்பதை மறக்காத ஒரு தொலைபேசி ஆதரவுச் சேவை

நாள்பட்ட நோயோடு வாழ்பவர்களுக்கு, அதே நோயோடு வாழும் இன்னொருவர் தொலைபேசி வழியே துணை நிற்கும் சேவைகளைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் அழைப்பவரின் பக்கத்திலிருந்தே வருகின்றன. அழைப்பு உடனே எடுக்கப்பட்டதா, பேசியவர் பொறுமையாகக் கேட்டாரா, மனப்பாரம் குறைந்ததா என்பவையே அவற்றின் அளவுகோல்கள். மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தோடு நெடுங்காலமாக வாழ்ந்து வரும் நான் அத்தகைய சேவை ஒன்றில் சக ஆதரவாளராகப் பணியாற்றி வருகிறேன் என்பதால், இந்த மதிப்புரை மறுமுனையிலிருந்து எழுதப்படுகிறது. அழைப்பை எடுக்கிறவரின் உடலையும் மனத்தையும் அந்தச் சேவை எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பது மட்டுமே இங்கே என் கேள்வி. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் சேவையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆதரவாளருக்கு ஓய்வு கொடுப்பதில் இந்தச் சேவை மிகச் சிறப்பாகச் செயல்படுகிறது. ஆதரவாளரின் துயரத்தைத் தாங்குவதில் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது. நோயுற்றவர்களின் அனுபவத்தையே மூலதனமாகக் கொண்டு நடக்கும் ஒரு சேவைக்கு இந்த இரண்டும் சம அளவில் முக்கியமானவை.

உதவுவதே உதவுகிறவருக்கு மருந்தாகும் என்ற நம்பிக்கையின் மேல்தான் இத்தகைய சேவைகள் எல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன. ஃபிராங்க் ரீஸ்மன் என்ற அமெரிக்க சமூக அறிஞர் 1965-ஆம் ஆண்டிலேயே, உதவி பெறுகிறவரைவிட உதவி செய்கிறவர் அதிகப் பயன் அடையக்கூடும் என்று எழுதினார். 1999-இல் கேரலின் ஷ்வார்ட்ஸ் தன் சக ஆய்வாளரோடு வெளியிட்ட ஆய்வு ஒன்று, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயோடு வாழ்ந்த 5 பேர், அதே நோயுள்ள 67 பேருக்குத் தொலைபேசியில் மாதந்தோறும் ஆதரவு அளித்ததை ஆராய்ந்தது. ஆதரவு பெற்றவர்களைவிட ஆதரவு கொடுத்தவர்களிடமே தன்னம்பிக்கையும் மனநலமும் கூடுதலாக மேம்பட்டிருந்தன என்பது அதன் முடிவு. எங்கள் பயிற்சியின் முதல் நாளிலும் இந்த ஆய்வு எடுத்துச் சொல்லப்பட்டது. அதைக் கேட்டபோது மனத்துக்கு இதமாகவே இருந்தது. ஆயினும் அங்கே ஆதரவாளர்களாக இருந்தவர்கள் ஐந்தே பேர் என்பதையும், அழைப்புகள் முன்பே வகுத்த முறையில், மாத இடைவெளியில் நடந்தன என்பதையும் சேர்த்துத்தான் அந்த முடிவைப் படிக்க வேண்டும். வாரத்தில் பல முறை, யார் எந்த நிலையில் பேசப்போகிறார்கள் என்று தெரியாமல் அழைப்பை எடுக்கிறவருக்கும் அதே பலன் தானாகக் கிடைத்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பலன் கிடைக்க வேண்டுமானால் அதற்கான ஏற்பாடுகளைச் சேவைதான் செய்து தர வேண்டும்.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். காதுகொடுத்துக் கேட்பது, மருந்து மாத்திரை பற்றி அறிவுரை சொல்லாமல் இருப்பது, தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் யாரிடம் எப்படி ஒப்படைப்பது ஆகியவை ஒழுங்காகக் கற்பிக்கப்பட்டன. அவற்றுள் ஒரு வகுப்பை மட்டும் தனியாகக் குறிப்பிட வேண்டும். எங்கள் நோய்க்கதையில் எந்தப் பகுதியை அழைப்பவரிடம் சொல்லலாம், எந்தப் பகுதியை எங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொருவரையும் இரண்டு பட்டியல்கள் எழுதச் சொன்னார்கள். இரண்டாவது பட்டியலை யாரிடமும் காட்டத் தேவையில்லை என்றும் சொன்னார்கள். நோய் தெரிந்த புதிதில் திருமண வாழ்வில் ஏற்பட்ட விரிசல், கைவிட்டுப்போன வேலை, குழந்தை பற்றிய முடிவு போன்றவற்றைப் பிறருக்கு ஆறுதலாகும் என்ற பெயரில் திரும்பத் திரும்பத் திறந்து காட்டுகிறவர், ஒவ்வொரு முறையும் அதை மறுபடி ஒருமுறை அனுபவிக்கிறார். எங்கே நிறுத்திக்கொள்வது என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது, அழைப்புகளை எடுக்கத் தொடங்கிய பிறகுதான் முழுமையாக விளங்குகிறது.

இனி, இந்தச் சேவையை நான் மனமாரப் பாராட்டும் விஷயத்துக்கு வருகிறேன். முறைப்பட்டியலிலிருந்து ஒருநாள் விலகிக்கொள்ள விரும்பும் ஆதரவாளர் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியில் அந்த நாளுக்கு எதிரே உள்ள கட்டத்தைத் தொட்டால் போதும், அழைப்புகள் தாமாகவே வேறொருவருக்குப் போய்விடும். காரணம் கேட்டுக் குறுஞ்செய்தி வராது. மறுநாள் யாரும் விசாரிக்கவும் மாட்டார்கள். நாள்பட்ட நோயாளிகள் வாழ்நாள் முழுவதும் தங்கள் இயலாமைக்குச் சான்று காட்டியே களைத்துப்போனவர்கள். அலுவலகத்தில், உறவினர் வீட்டில், சில வேளைகளில் மருத்துவரிடமேகூட, "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு, ஓய்வு கேட்பதையே குற்றமாக உணரப் பழகியவர்கள். அவர்களிடம் காரணம் கேட்காமலிருப்பதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியாது.

என் நிலையையே எடுத்துக்கொள்கிறேன். முடக்குவாதத்துக்குப் பரவலாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மறுநாள் குமட்டலும் அடித்துப்போட்டது போன்ற அசதியும் பலருக்கு வருகின்றன, எனக்கும் வருகின்றன. அந்த நாளை வாரந்தோறும் நிரந்தர ஓய்வு நாளாகக் குறித்துக்கொள்ள இந்தச் சேவை இடம் தருகிறது. காலையில் கைவிரல்களும் மணிக்கட்டும் இறுகிப்போய் இளகுவதற்கு நேரமெடுக்கும் என்பதால், முற்பகலுக்கு முந்தைய நேரங்களை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு ஒதுக்குவதே இல்லை. இது எங்கள் வேண்டுகோளால் நடந்ததன்று. நோயைப் புரிந்துகொண்ட ஒருவர் பட்டியலை அமைத்திருக்கிறார். மாலையில் சோர்வு முற்றும் நோயுள்ளவர்களுக்கு நேர்மாறாகக் காலை நேரங்கள் தரப்படுகின்றன.

ஒவ்வொரு ஆதரவாளருக்கும் ஓர் இணை ஆதரவாளர் உண்டு என்பதும் இதோடு சேர்ந்த ஏற்பாடு. தொடர்ந்து பேசிவரும் அழைப்பாளரிடம் தொடக்கத்திலேயே இருவரையும் அறிமுகப்படுத்திவிடுகிறார்கள். எனக்கு நோய் முற்றி நான் வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேர்ந்தாலும், என்னை நம்பியிருந்தவர் தனித்து விடப்படவில்லை என்ற நிம்மதியோடு படுத்திருக்க முடிகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லாரிக் என்பவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய நாள்பட்ட நோய்த் தன்மேலாண்மைப் பயிற்சியிலும் இத்தகைய முன்யோசனை உண்டு. வாரத்துக்கு இரண்டரை மணி நேரமாக 6 வாரங்கள் நடக்கும் அந்தப் பயிற்சியை எப்போதும் இருவர் சேர்ந்தே நடத்துகிறார்கள். அவர்களில் ஒருவராவது தாமே நாள்பட்ட நோயோடு வாழ்பவர். நோயுள்ளவரை நம்பி ஒரு பணியை ஒப்படைக்கும்போது, அவர் வர இயலாத நாளும் வரும் என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்வதுதான் நேர்மை.

இந்த ஓய்வு ஏற்பாட்டில் ஒரே ஓர் ஓட்டை இருக்கிறது. எங்களுக்குத் தரப்படும் மதிப்பூதியம் எடுத்த அழைப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. முழுநேர வேலைக்குப் போக முடியாத பலருக்கு இந்தச் சிறு தொகை வெறும் கைச்செலவுக்கான பணமன்று. மருந்து வாங்க அது தேவைப்படுகிறது. காரணம் கேட்காமல் விடுப்புத் தருகிற அதே சேவை, விடுப்பு எடுத்தால் வருமானம் குறையும்படியும் வைத்திருப்பதால், மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் அடிக்கும் நாளிலும் அழைப்பை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு நிலையான தொகை என்று மாற்றிவிட்டால் இந்த முரண் தீர்ந்துவிடும்.

அழைப்பின் போதும் அழைப்பு முடிந்த பிறகும் என்ன நடக்கிறது என்பது அடுத்த விஷயம். அண்மையில் நோய் உறுதியானவர்கள், பேசத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள்: "உங்களுக்கு எப்போ சரியாச்சு?" சரியாகவில்லை, கட்டுக்குள் இருக்கிறது, மருந்து தொடர்கிறது என்று நான் சொல்ல வேண்டும். மறுமுனையில் ஓர் அமைதி விழும். அந்த அமைதியின் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனெனில் ஒரு காலத்தில் நானும் மருத்துவரின் எதிரே அதே அமைதியில் உட்கார்ந்திருந்தவள். அதன் பிறகு என் வாழ்க்கை எப்படி நடக்கிறது, என்னவெல்லாம் செய்ய முடிகிறது என்பதை நம்பிக்கை தரும் விதத்திலும் பொய் கலக்காமலும் எடுத்துச் சொல்ல வேண்டும். அவருக்கு அது முதல் தடவை. எனக்கோ "சரியாகவில்லை" என்ற சொல்லை என் வாயாலேயே எத்தனையாவது முறையாகவோ சொல்லும் தடவை. பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவருக்கும் சக ஆதரவாளருக்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது. பேசி முடித்ததும் ஆலோசகர் அந்த நோயை மேசை மேல் விட்டுவிட்டு எழுந்து போகலாம். எங்களுக்கு அது முடியாது.

இத்தகைய அழைப்புகளுக்குப் பிறகு ஒருங்கிணைப்பாளரிடம் பேசுவதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அழைப்புகள் நின்று, ஒருங்கிணைப்பாளர் தாமே அழைக்கிறார். எங்கள் குழுவின் ஒருங்கிணைப்பாளர் என்னைவிட இளையவர். நீண்ட நேரம் அழுத ஓர் அழைப்பாளரோடு பேசி முடித்த பிறகு நான் அதை அழுத்தியபோது, அழைப்பின் விவரத்தை அவர் கேட்கவே இல்லை. "அக்கா, நீங்க இப்ப எப்படி இருக்கீங்க? கை வலிக்குதா?" என்றுதான் தொடங்கினார். நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "இன்னைக்கு இதோட போதும்க்கா. மிச்சத்த நான் மாத்தி விட்டுடறேன், நீங்க போய்ப் படுங்க" என்றார். அடுத்த அழைப்பை எடுக்க முடியுமா என்று என்னிடம் கேட்டிருந்தால், முடியும் என்றுதான் நான் சொல்லியிருப்பேன். முடிவை என் கையில் கொடுக்காமல் அவரே எடுத்தது அந்த நேரத்தில் சரியான கவனிப்பு.

உடலைப் பற்றிய கவனிப்பிலும் இதே தரம் ஓரளவு இருக்கிறது. தொலைபேசியைக் கையில் பிடித்தபடி பேசினால் முழங்கையும் விரல்களும் நோகும் என்பதால் காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட்டை முதல் வாரத்திலேயே தந்துவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் நிரப்ப வேண்டிய படிவம் முழுவதையும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. வீங்கிய விரல்களோடு அந்தச் சின்னத் திரையில் எழுத்துகளைத் தட்டுவது, பேசுவதைவிடக் கடினமான வேலை. பலரும் எடுத்துச் சொன்ன பிறகு குரல் பதிவாகவும் அனுப்பலாம் என்று மாற்றினார்கள். எங்கள் சொந்த எண் அழைப்பவருக்குத் தெரியாதபடி இணைப்புத் தருவதும் நல்ல ஏற்பாடு. நள்ளிரவில் நேரடியாக வரும் அழைப்பை மறுக்க முடியாமல் தவித்த வேறு சேவையின் ஆதரவாளர்களை எனக்குத் தெரியும்.

எனக்குக் கடுமையான விமரிசனம் இருப்பது வாரந்தோறும் அனுப்பப்படும் நலன் வினாத்தாளின் மேல். பணிச்சோர்வை முன்கூட்டியே கண்டுபிடிப்பது அதன் நோக்கம். நோக்கத்தில் குறையில்லை, கேள்விகள்தான் நோயற்றவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கின்றன. காலையில் எழும்போதே களைப்பாக இருந்ததா, உடல் ஆற்றல் வற்றிப்போனது போல் உணர்ந்தீர்களா, வழக்கமான வேலைகளைச் செய்வது கடினமாக இருந்ததா என்று அது கேட்கிறது. முடக்குவாதம் உள்ள ஒருவர் இவற்றுக்கு அநேகமாக எல்லா வாரமும் ஆம் என்றே பதில் சொல்வார். உடலில் தொடரும் அழற்சி, இரத்தச்சோகை, வலியால் கெடும் தூக்கம் ஆகிய எல்லாமே அந்தச் சோர்வுக்குக் காரணமாகலாம். பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்கு வந்த தன் 11-ஆவது நோய்ப் பகுப்புப் பட்டியலில் மூன்று கூறுகளால் விவரிக்கிறது: ஆற்றல் வற்றிப்போதல், பணியிலிருந்து மனம் விலகிப்போதல், செய்யும் வேலையில் பயனில்லை என்ற உணர்வு. இவற்றுள் முதலாவது, நாள்பட்ட நோயாளிகளிடம் நோயின் அறிகுறியோடு ஒன்றாகக் கலந்து கிடப்பது. அதை மட்டும் மூன்று விதமாகக் கேட்டுவிட்டு மற்ற இரண்டையும் தொடாமல் விட்டால், வினாத்தாள் எங்கள் நோயைத்தான் அளக்குமே தவிர, எங்கள் பணி எங்களை என்ன செய்கிறது என்பதை அளக்காது.

இதனால் விளையும் தீங்கு சிறியதன்று. எல்லாருடைய மதிப்பெண்ணும் எப்போதும் அபாய எல்லைக்கு மேலேயே இருப்பதால், ஒருங்கிணைப்பாளர்கள் நாளடைவில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். இன்னொரு புறம், உண்மையைச் சொன்னால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று அஞ்சி, நன்றாக இருக்கிறேன் என்று நிரப்புகிறவர்களும் உண்டு. உண்மையில் நொடிந்துகொண்டிருப்பவர் இந்த இரண்டுக்கும் இடையில் கண்ணில் படாமலே போய்விடுகிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் வழக்கமான நிலையை முதலில் குறித்து வைத்துக்கொண்டு, அதைவிட இந்த வாரம் எப்படி என்று கேட்டால் போதும். அழைப்பு மணி அடிக்கும்போது எடுக்கத் தோன்றுகிறதா, எடுக்காமலே இருந்தால் நல்லது என்று தோன்றுகிறதா என்ற ஒற்றைக் கேள்வி, இப்போதுள்ள வினாத்தாள் முழுவதையும்விட அதிகம் சொல்லும். பேசுகிறவரின் துன்பம் மனத்தில் படாமல் வெறும் சொற்களாகக் காதில் விழத் தொடங்கியிருக்கிறதா என்பதையும் கேட்கலாம். மூட்டு வலியால் களைத்தவருக்கு அப்படி ஆவதில்லை. ஆதரவுப் பணியால் களைத்தவருக்கு ஆகிறது.

துயரத்தைப் பற்றி எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. நான் நீண்ட காலம் தொடர்ந்து பேசிவந்தவர்களில் ஒருவருக்கு மூட்டு நோயோடு நுரையீரல் பாதிப்பும் சேர்ந்திருந்தது. ஒரு வாரம் என் அழைப்பாளர் பட்டியலைத் திறந்தபோது அவர் பெயர் அதில் இல்லை. வேறு ஆதரவாளருக்கு மாற்றியிருப்பார்கள் என்று நினைத்து ஒருங்கிணைப்பாளரிடம் கேட்ட பிறகுதான் அவர் இறந்துவிட்டார் என்று தெரிந்தது. குடும்பத்தார் தகவல் சொன்னதும் அலுவலகத்தில் யாரோ முறைப்படி கோப்பை மூடியிருக்கிறார்கள். கோப்பு மூடப்பட்டதால் பெயரும் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. மரணத்துக்கென்று அங்கே ஒரு நடைமுறையே இல்லை என்பதுதான் பிரச்சினை. அதே வாரத்தில் காலியான அந்த இடத்துக்குப் புதிய அழைப்பாளர் ஒருவரும் ஒதுக்கப்பட்டிருந்தார்.

ஒரே நோயைப் பகிர்ந்துகொண்டவரின் மரணம் ஆதரவாளரை இரண்டு விதத்தில் தாக்குகிறது. குரலால் மட்டுமே அறிந்த ஒரு நெருக்கம் அறுந்துபோகிறது. அதற்காக அழுவதற்கு நமக்கு என்ன உரிமை என்ற தயக்கமும் உடன் வருகிறது. அதோடு, நம் நோயும் அந்த வழியில் போகலாம் என்ற நினைப்பு மனத்தில் குடியேறுகிறது. அன்று தொடங்கி எனக்கு வந்த ஒவ்வொரு இருமலையும் நான் எண்ணத் தொடங்கினேன். மனநல ஆலோசகரைச் சந்திக்கும் வசதி எங்களுக்கு உண்டுதான். ஆனால் வேண்டும் என்று நாமே விண்ணப்பிக்க வேண்டும். ஓய்வுக்கு விண்ணப்பம் தேவையில்லை என்ற நிலையை எட்டிய சேவை, துயரத்துக்கு மட்டும் விண்ணப்பம் கேட்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. இறந்த செய்தியை ஒருங்கிணைப்பாளர் நேரில் அழைத்துச் சொல்ல வேண்டும். ஆதரவாளர் தாமாகக் கேட்கும் வரை புதியவரை ஒதுக்காமல் இருக்க வேண்டும். குடும்பத்தார் விரும்பினால், சேவையின் வழியாக அவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்ப வழி செய்ய வேண்டும். இவற்றில் எதற்கும் பெரும் செலவு ஆகாது.

ஆதரவாளர்களின் மருத்துவ விவரங்கள் எங்கே, யார் கையில் இருக்கின்றன என்பதையும் சேவை தெளிவாக எழுத்தில் தர வேண்டும். பட்டியல் அமைப்பதற்காக நாங்கள் கொடுத்த விவரங்கள் அதற்கு மட்டுமே பயன்படும் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள், அது போதாது.

நோய் தெரிந்து ஓராண்டுகூட ஆகாதவர்கள் இத்தகைய பணியில் சேர அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. பயிற்சிக்குப் போகும் முன் பொறுப்பாளரிடம் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ள முடியுமா, விலகினால் ஊதியம் என்ன ஆகும், நீங்கள் வராத நாளில் உங்கள் அழைப்பாளரோடு யார் பேசுவார், அழைப்பாளர் ஒருவர் இறந்தால் அதை யார் உங்களிடம் சொல்வார். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத சேவையில் சேரக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் நான் இப்போது இருக்கும் இடத்தையும் விட்டு விலக வேண்டியிருக்கும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவராகச் சேருங்கள்.

நான் இந்தச் சேவையில் தொடர்கிறேன். ஊதிய முறை, வினாத்தாள், மரணச் செய்தி ஆகிய மூன்றையும் பற்றி எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறேன். வினாத்தாளைத் திருத்தும் குழுவில் ஆதரவாளர்கள் இருவரைச் சேர்த்துக்கொள்வதாகப் பதில் வந்திருக்கிறது. மற்ற இரண்டும் பரிசீலனையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவற்றில் மாற்றம் வந்தால் இந்த மதிப்புரையையும் அதற்கேற்பத் திருத்துவேன்.